மூன்று கலண்டரும் முப்பது பெட்டிக் கீரி மீனும்

அம்பாறையில் சிறிபால முதலாளியின் மீன் கடைக்கு முன்னால் நான் லொறியை நிறுத்தியபோது, மீன் வெட்டும் கட்டையின் மேல் ஒரு கிண்ணத்தில் கோதுமை மாப் பசை இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடை சவர்க்காரம் போட்டுக் கழுவப்பட்டிருந்தது. ஈ இல்லை. பூனைகூட இல்லை. பெரிய மீன்கள் தொங்குகிற கொக்கிகளில் மஞ்சளும் நீலமுமாக வெசாக் காகிதக் கூடுகள் தொங்கின. வெள்ளைச் சாரனும் வெள்ளைப் பெனியனுமாக முதலாளி முக்காலியில் ஏறி நின்று, ஒரு கூட்டுக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். லொறிக்குப் பின்னால் சொட்டிக்கொண்டிருந்த ஐஸ் தண்ணீரையும் பார்த்தார்.

“ஹாஜியார், இது என்னா?”

“மீன்.”

“அது தெரியும். ஏன்?”

என் வியாபார வாழ்க்கையில் மீனைக் காட்டி ‘ஏன்’ என்று எவரும் கேட்டதில்லை. எந்தக் கரை என்று கேட்பார்கள். எத்தனை பெட்டி என்று கேட்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து, என் பரம்பரையைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். ‘ஏன்’ என்பது மீன் வியாபாரத்தில் இல்லாத கேள்வி.

“நாளைக்கு வெசாக், புத்தர்ட நாள்,” என்றார் முதலாளி. “இண்டைக்கே சனம் மீன் கடைப் பக்கம் பார்க்காது. நானும் நாளைக்கு சில் எடுக்கிறது, விரதம். ஹாஜியார்ட வீட்டில கலண்டர் இல்லையா?”

நான் ஹஜ்ஜுக்குப் போனவனல்லன். தாடி வைத்த எல்லாரும் சிறிபால முதலாளிக்கு ஹாஜியார்தான். ஆனால் கலண்டர் விஷயத்தில் அவர் கேட்டது அநியாயம். என் கடைச் சுவரில் ஒன்றல்ல, மூன்று கலண்டர் இருக்கிறது. அதுதான் கேவலம்.

கரையில் நான் மட்டும்

அன்று ஹஜ் பெருநாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுச் சும்மா காற்று வாங்கத்தான் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போனேன். முந்தைய நாள் இறைச்சியும் வட்டிலாப்பமும் தின்ற களைப்பில் ஊர் முழுக்கக் கவிழ்ந்து படுத்துக் கிடந்தது. ஒரேயொரு கரைவலை மட்டும் இழுபட்டுக்கொண்டிருந்தது.

வலையின் மடி கரைக்கு வந்தபோது கண்கொள்ளவில்லை. அத்தனையும் கீரி மீன். கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி வலைக்குள் சத்தம் போட்டது.

வழக்கமாக ஒரு மடிக்கு இருபது வியாபாரி நிற்போம். முழங்கையால் இடித்துக்கொள்வோம், செருப்பை மிதித்துக்கொள்வோம். அன்று வியாபாரி என்று நின்றது நான் ஒருவன்தான். புத்தியுள்ளவன் அதைக் கண்டு பயந்திருப்பான். நான் சந்தோஷப்பட்டேன்.

வலைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“முழுக்கவா காக்கா எடுக்கிறீங்க?”

“முழுக்க.”

“யோசிச்சித்தான் செல்லுறீங்களா?”

“மத்தவனுகள் படுத்துக் கிடக்கட்டும் தம்பி. நம்மட ரிஸ்க்க, நம்மட சோத்துப் பங்க, அல்லாஹ் நமக்கெண்டு வெச்சிரிக்கான்.”

அவர் கண்ணில் தெரிந்தது மரியாதை என்று அப்போது நினைத்தேன். அது இரக்கம். ஊரில் அத்தனை வியாபாரியும் ஒரே நேரத்தில் சோம்பேறியாக முடியாது என்கிற சின்னக் கணக்கு என் மூளைக்கு எட்டவில்லை. வீட்டுக்கு ஓடி லொறியைக் கொண்டு வந்து, பெருநாளுக்கு முன்பே வாங்கி வைத்த ஐஸை உடைத்துப் போட்டு, முப்பது பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, காரைதீவுச் சந்தியில் திரும்பி அம்பாறை ரோட்டில் பறந்தேன். வழியில் பாட்டு வேறு பாடினேன்.

தின்னாத நாள்கள்

எங்கள் கரையில் மீன் வியாபாரம் செய்கிறவனுக்குக் கடலைத் தெரிந்தால் போதாது. மூன்று சனத்தின் வயிற்றைத் தெரிந்திருக்க வேண்டும்.

காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழ்ச் சனம் செவ்வாயும் வெள்ளியும் பெரும்பாலும் மரக்கறி. கோயில் சடங்கென்றால் நாள்கணக்கில் மீன் மணமே கூடாது. அம்பாறைப் பக்கம் சிங்களச் சனத்துக்குப் போயா, பௌர்ணமி நாள். எங்கள் ஆட்களுக்கு ஹஜ் பெருநாள் வந்தால் குர்பான் இறைச்சி; வீட்டுக்கு வீடு பை பையாக வரும், ஒரு கிழமைக்கு மீனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

இதில் அழகு என்னவென்றால், இவர்கள் ஒரே நாளில் வாயைக் கட்டுவதில்லை. காரைதீவில் மரக்கறி என்றால் லொறி அம்பாறைக்குப் போகும். அம்பாறையில் போயா என்றால் லொறி காரைதீவுக்குத் திரும்பும். எங்களுக்குள் இரண்டு மொழிச் சண்டையும் நான்கு வகை மனத்தாங்கலும் இருந்தாலும், சந்தை மட்டும் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் காரணம் ஒன்றுதான்: நாங்கள் வேறுவேறு நாளில் பசியோடு இருக்கிறோம்.

ஆகவே எங்கள் தொழிலில் ஒரு விதி இருந்தது. ‘ஆராவது ஒருத்தர் தின்பார்.’ இந்த ஒரு வரியை நம்பி நான் லொறி வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கிழமை நான் மூன்று கலண்டரையும் பார்க்காமலில்லை. பள்ளிவாசல் கலண்டரைப் பார்த்தேன்: ஹஜ் பெருநாள். சரி, அம்பாறையில் விற்கலாம். பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தேன்: வைகாசி, காரைதீவுக் கண்ணகி அம்மன் சடங்கு. சரி, அம்பாறையில் விற்கலாம். சிங்கள லித் கலண்டரைப் பார்த்தேன்: வெசாக். சரி, காரைதீவிலும் ஊரிலும் விற்கலாம்.

மூன்று பதிலும் சரி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டுமென்று மட்டும் தோன்றவில்லை.

எங்கள் ஹிஜ்ரி வருடம் மற்ற வருடத்தைவிடப் பத்துப் பதினொரு நாள் குட்டை. பெருநாள் வருடா வருடம் பின்னால் நகர்ந்து, எல்லா மாதத்தையும் சுற்றிவிட்டு வர முப்பத்துச் சொச்சம் வருடமாகும். கடைசியாக அது வைகாசிக்குள் வந்து நின்றபோது நான் இளந்தாரி. மீனைப் பற்றி அன்று எனக்கிருந்த ஒரே கவலை, முள் தொண்டையில் சிக்குமா என்பதுதான்.

உப்பு ஏறிய பாதை

போன கிழமை இந்தப் பத்திரிகையில் என் மச்சினனின் கல்யாணப் பந்தியைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் வீட்டுக்கே சண்டைக்கு வந்தார்கள். ஆகவே இந்தக் கிழமை செத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். அவர்கள் வரமாட்டார்கள்.

எங்கள் வம்சம் தூரத்தை விற்றுச் சாப்பிட்ட வம்சம். வாப்பாவின் வாப்பாவுக்கும் முந்திய காலத்தில், எங்கள் ஆட்கள் தவளம் போவார்களாம். மாட்டு முதுகில் இரண்டு பக்கமும் பொதி. ஒன்றில் உப்பு, மற்றதில் கருவாடு. வரிசையாக மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள்ளால் ஊவா மலைக்கு ஏறுவார்கள். திரும்பும்போது பாக்கு, மிளகு, தேன். மலையில் உப்பு இல்லை, கரையில் பாக்குக் குறைவு. நடுவில் யானை. அந்த யானை இருந்ததால்தான் எங்களுக்குச் சோறு.

பிறகு ஆற்றை மறித்துப் பெரிய குளம் கட்டி, உள்ளுக்குள் சனத்தைக் குடியேற்றினார்கள். கடலே காணாத அத்தனை வீடு, அத்தனை அடுப்பு! காட்டுப் பாதை ரோட்டானது. வாப்பா பஸ் கூரையில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போவார். பெட்டித் தண்ணீர் ஜன்னலோரம் இருந்த ஆட்களின் தலையில் ஒழுகும். அம்பாறை போய்ச் சேருவதற்குள் வாப்பாவுக்குச் சிங்களத்தில் தெரிந்த சொல்லெல்லாம் வசைச் சொல்லாகத்தான் இருந்தது.

அப்புறம் சண்டைக் காலம். சோதனைச் சாவடிதோறும், சென்றிக்குச் சென்றி இறக்கி ஏற்ற வேண்டும். இரும்புக் கம்பியால் பெட்டியைக் குத்துவார்கள். மீனுக்குள் என்ன இருக்கப் போகிறது, முட்டைதான். கரையில் மீன் அழுகும், இருபது மைலுக்கு அங்கால் குழந்தைக்குக் கொடுக்க ஒரு துண்டு மீன் கிடைக்காது. அந்தக் காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவனுக்கு நல்ல இலாபம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது காப்பட் ரோட், கையில் போன். கீரி மீன் எங்கள் கரையில் பட்டதும் பிபிலையில் விலை இறங்கிவிடுகிறது. மீன் இன்னும் லொறியில் ஏறவில்லை! வெலிமடையில் மழை பெய்தால் கல்முனைச் சந்தையில் கரட் விலை ஏறிவிடுகிறது. மழை இன்னும் விடவில்லை! யானையை ஒதுக்கி, சென்றியை எடுத்து, ரோட்டை நேராக்கி, எங்கள் வம்சம் விற்றுத் தின்ற தூரத்தையே துடைத்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தது அந்த ஒரு விதிதான். ஆராவது ஒருத்தர் தின்பார்.

அதுவும் அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோதுமை மாப் பசைக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது.

அம்மனின் கதவு

அம்பாறையிலிருந்து திரும்பிய வேகத்தில் சம்மாந்துறையில் இரண்டு சாப்பாட்டுக் கடைக்காரர்களைத் தட்டி எழுப்பினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பை இறைச்சியை என் கையில் திணித்து, “வீட்ட போய் ஆக்கித் தின்னுங்க” என்று கதவைச் சாத்தினார்கள். இவர்களிடம் மீன் விற்கப் போனவன், இறைச்சி இரண்டு பையோடு வெளியே வந்தேன்.

அடுத்தது காரைதீவு. அங்கே பூமணி அக்கா. எங்கள் கரையிலிருந்து மீன் எடுத்து வீடு வீடாக விற்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மீனைத் தொடாமலே, மணத்தை வைத்து எத்தனை மணிக்குப் பிடித்ததென்று சொல்லக்கூடியவர். சடங்கென்று தெரிந்தும் போனேன். பயம் வந்தால் மனிதனுக்குக் கலண்டர் மங்கலாகத்தான் தெரியும்.

தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். முற்றமெல்லாம் மஞ்சள் தண்ணீர். லொறி திரும்பும்போதே அக்கா அந்தக் குறுகலான ஒழுங்கையின் முகப்புக்கு ஓடி வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சென்றியில்கூட என்னை அப்படி மறித்ததில்லை.

“நில்லு! நில்லு தம்பி! அங்காலேயே நில்லு! என்னத்த ஏத்திக்கொண்டு வாறாய்?”

“ஒண்டுமில்ல அக்கா. சும்மா...”

“சும்மாவா? கீரி. விடியப் பிடிச்சது. முப்பது பெட்டி வரும். உனக்கென்ன விசரா? அம்மன்ட கதவு திறந்து கிடக்கு. சனம் எல்லாம் நோன்பு பிடிச்சிரிக்கி. கடைசி நாள் குளிர்த்தி முடியுமட்டும் இந்த ஒழுங்கைக்குள்ள மீன் செதிலும் வரப்படாது.”

“அக்கா, இத நான் என்ன செய்ற?”

“நானோ வாங்கச் சொன்ன?”

“பின்னேரத்துக்குள்ள நாறிடும் அக்கா.”

“இப்பவே நாறுது. உன்ட புத்தி.”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு ஒரு நோய் உண்டு: பயம் கூடினால் சிரிப்பு வரும். அக்காவுக்கு அது இன்னும் கோபம். லொறியைப் பின்னால் எடுக்க வைத்து, ஒழுங்கை முகப்பில் என் டயர் பட்ட இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

இறைச்சிப் பைகள்

ஊர் வந்து சேரும்போது பத்து மணி. ஐஸ் பாதியாகிவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஜும்ஆ தொழுகை.

ஐஸ் தொழிற்சாலைக்குப் போன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் லீவாம். தெரிந்தவர்களின் ஆழ் உறைபெட்டிகளில் இடம் கேட்டேன். எல்லாவற்றிலும் மாடு. சும்மா கொடுத்துவிடலாமென்று சொந்தக்காரர் வீடுகளுக்கு மீன் பையோடு போனேன். ஒருவரும் மீனை வாங்கவில்லை. எல்லாரும் என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் இறைச்சிப் பையோடு வந்தார்கள். மறுத்தால் கோபிப்பார்கள், குர்பான் பங்கல்லவா! நான் ஒரு பை மீனைக் கொடுக்கப் போய், ஒன்பது பை இறைச்சியும் அதே ஒரு பை மீனுமாக வீடு வந்தேன்.

என் மனைவி றிஸானா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

“இஞ்சருங்க, பிரிட்ஜுக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் வெக்க இடமில்ல. இதென்ன இறைச்சி?”

“இது இறைச்சி. லொறிக்குள்ள மீன்.”

“எவ்வளவு?”

சொன்னேன். அவள் உள்ளே திரும்பி, தன் தம்பி நியாஸைக் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் ஆண் மனைவி வீட்டில்தான் இருப்பான். சுற்றிவர இருப்பதெல்லாம் அவளுடைய தங்கைகள், தம்பி, மாமி. நான் அந்த வளவுக்குள் இருபத்தைந்து வருட விருந்தாளி. வளவுக்கு வெளியே தவறு செய்தால் ஊர் சிரிக்கும். உள்ளே செய்தால் மாமி சிரிப்பார். இரண்டாவதுதான் பயங்கரம்.

நியாஸ் லொறிக்குள் எட்டிப் பார்த்தான்.

“மச்சான், குழி தோண்டுவமா? தென்னைக்கு நல்ல பசளை.”

“டேய், முப்பது பெட்டி சாப்பாட்டுச் சாமான். அத மண்ணுக்குள்ள போட்டா நாளைக்கு அல்லாஹ்வுக்கு என்ன பதில் செல்ற?”

“அப்ப கருவாடு போடுங்க.”

இத்தனை நேரமும் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. மாட்டு முதுகில் கருவாடு ஏற்றியவர்களின் பேரன் நான்!

உப்பு

கருவாட்டுக்கு உப்பு வேண்டும். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று வாப்பா சொல்லுவார். எனக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். மூட்டை உப்பு விற்கும் கடையெல்லாம் பெருநாளுக்குப் பூட்டு. திறந்திருந்தவை சந்திப் பெட்டிக்கடைகள். அங்கே இருந்தது கைக்கடக்கமான உப்புப் பைக்கற்று.

சைக்கிளில் ஏறினேன். ஒவ்வொரு கடையாகப் போய் இருக்கிற பைக்கற்றையெல்லாம் அள்ளினேன். நான்காவது கடைக்காரன் கேட்டான், “என்ன காக்கா, உப்புக்கு ஏதும் பிரச்சினையா?”

அவசரத்தில் நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்கிறேன்.

“பொறகு தெரியும் பாருங்க.”

மீன் அவசரத்தைத்தான் சொன்னேன். அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். ஆறாவது கடையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது கடையில் வரிசை. பத்தாவது கடையில் ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் நியாஸ் தன் போனைக் காட்டினான்: ‘உப்பு வரத்து நிற்கப் போகிறது, உடனே வாங்கி வையுங்கள்.’ அனுப்பியிருந்தது அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர். நான் சாய்ந்தமருதில் கிளப்பிய பீதி, அரை மணி நேரத்தில் தெற்கே போய், இரண்டு ஊரைச் சுற்றிவிட்டு எனக்கே வந்து சேர்ந்தது.

அன்றைய குத்பாப் பிரசங்கம் எதைப் பற்றியதென்று என்னைக் கேட்காதீர்கள். நான் மிம்பர் மேடையைப் பார்த்துக்கொண்டு ஐஸ் உருகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொழுகை முடிந்து வெளியே வந்ததும் சிறிபால முதலாளியிடமிருந்து போன்.

“ஹாஜியார், மீன் செத்ததா?”

“மீன் காலையிலயே செத்துட்டு முதலாளி. இப்ப நான்தான் பாக்கி.”

“கருவாடு போடுங்க.”

“உப்பில்ல.”

அவர் சிரித்த சிரிப்பில் அந்தக் காகிதக் கூடுகள் ஆடியிருக்கும்.

“கடல் ஊர்ல உப்பு இல்ல! என்ட பின் கடையில அஞ்சு மூட்டை இருக்கு. பஸ்ஸில போட்டு விடுறன்.”

“முதலாளி, வெசாக்குக்கு முதல் நாள் இப்படி ஒரு புண்ணியம்...”

“புண்ணியம் நாளைக்கு ஹாஜியார். இண்டைக்கு வியாபாரம். உப்புக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் விலை சொல்லுவன்.”

எங்கள் ஆட்கள் மலைநாட்டுக்கு உப்புச் சுமந்த அதே பாதையில், அன்று பிற்பகல் இரண்டரை மணி பஸ்ஸில் எனக்கு உப்பு இறங்கி வந்தது. காரைதீவுச் சந்தியில் கொண்டக்டர் மூட்டையைத் தள்ளிவிட்டுக் கேட்டார், “கடலுக்கு உப்புப் போடவா கொண்டு போறீங்க?”

போனில் ஒரு குரல்

கடற்கரையில் நெல் காயப்போடும் படங்கு நான்கை விரித்தோம். றிஸானா, அவளுடைய தங்கைகள் மூவர், நியாஸ், நான். பெருநாள் மருதாணி சிவந்த கைகளெல்லாம் மீன் குடலுக்குள். மாமி ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வேலை எதுவும் செய்யாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “ஹ்ம்” என்றார்.

எங்களில் ஒருவருக்கும் கருவாடு போடத் தெரியாது. தின்னத் தெரியும். பூமணி அக்காவுக்கு அடித்தேன்.

“அக்கா, கோவிக்காதீங்க. குடல் எடுக்கிறதா, முழுசாப் போடுறதா?”

“நான் மீன் கதையே கதைக்கப்படாது தம்பி.”

“தொட வேணாம் அக்கா. வாயால மட்டும்.”

“வாயும் அம்மனுக்குத்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “குடல எடு. தலைய விடு. நல்ல தண்ணில கழுவாத, கடல் தண்ணில கழுவு. என்னத்தில உப்புப் போடுறாய்?”

“பொறுங்க அக்கா, வீடியோவில காட்டுறன்.”

“வேணாம்! வேணாம்! காட்டாத! அது வீட்டுக்குள்ள மீன் வந்த மாதிரி! சொல்லு, நான் கேட்கிறன்.”

அப்படியே இரண்டு மணி நேரம். போனை ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டோம். கடலிரைச்சலுக்கு நடுவில் அந்தக் குரல் அதட்டிக்கொண்டே இருந்தது. “அடுக்கடுக்காப் போடு.” “கல் வெச்சு அமத்து.” “ஆரது சிரிக்கிற? கருவாடு புழுக்கும், பிறகு அழுவீங்க.” நடுவில் உடுக்குச் சத்தம் கேட்டது, அங்கே கோயிலில் பூசை. “இரு, கும்பிட்டுட்டு வாறன்” என்று சொல்லிப் போய், திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினார்.

கடைசியில் கேட்டார், “எனக்கென்ன தருவாய்?”

“எவ்வளவு வேணும் அக்கா?”

“குளிர்த்தி முடிஞ்ச மறுநாள், நல்லதாப் பார்த்து ஒரு பெட்டி. இப்ப கொண்டு வந்தியோ, லொறியக் கொளுத்துவன்.”

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கடைசிப் பெட்டிக்கு உப்புப் போட்டோம். நான்கு பெட்டி தப்பவில்லை, அதை நியாஸ் தென்னைக்குக் கொண்டு போனான். மீதி இருபத்தாறும் உப்புக்குள். றிஸானாவின் கை மணத்தது, அந்த மணம் மூன்று நாள் போகவில்லை. அந்த மூன்று நாளும் அவள் என்னோடு கதைக்கவில்லை. மாமிதான் கதைத்தார். “மருமகன் நல்ல கெட்டிக்காரன்,” என்றார். அவர் அப்படிச் சொன்னால் அதற்கு எதிர்ப்பதம் என்று அர்த்தம்.

கெட்டிக்காரன்

இனி நடந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வெசாக் முடிந்த மறுநாள் அம்பாறைச் சந்தைக்கு மீன் வந்தது. எங்கள் கரையிலிருந்து மட்டுமல்ல. திருகோணமலையிலிருந்து வந்தது, மேற்குக் கரையிலிருந்துகூடக் கூலர் லொறி வந்தது. எல்லாரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்: ‘சனம் இத்தனை நாள் தின்னவில்லை, இன்றைக்குப் பாய்ந்து வாங்கும்.’ நாடு முழுக்கப் போனில் கதைத்துக் கதைத்து ஒரே மூளையாகிவிட்டது. சந்தையில் சனத்தைவிட மீன் அதிகம். பச்சை மீன் கொண்டு போனவனெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடினான்.

என் கருவாடு அப்போது கடற்கரையில் சாவகாசமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த கிழமை, அந்த அமளி எல்லாம் அடங்கிய பிறகு, அக்காவின் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, காய்ந்து மொறுமொறுவென்று இருந்ததை ஏற்றிக்கொண்டு போனேன். சிறிபால முதலாளி ஒன்றை எடுத்து முறித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

“ஹாஜியார் மூளைக்காரர்,” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். “எல்லாரும் பச்சை மீனோட ஓடி வந்தாங்க. இவர் முதல்லயே தெரிஞ்சு கருவாடு போட்டார்.”

“முதலாளி, நீங்கதானே உப்பு...”

“சும்மா இருங்க. பேர் நல்லாத்தானே இருக்கு.”

அந்தப் பேர் ஊருக்கு வந்து சேர ஒரு நாள்கூட எடுக்கவில்லை. கடற்கரையில் வியாபாரிகள் இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். “காக்கா, இந்தக் கிழமை என்ன போடலாம்?” என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியாமல் கடலைப் பார்க்கிறேன். ஆழ்ந்து யோசிக்கிறாராம் என்கிறார்கள்.

போன கிழமை முதலாளி திரும்ப அடித்தார்.

“ஹாஜியார், லித் பார்த்தன். அடுத்த வருஷமும் மூணும் ஒண்டாத்தான் வருது.”

“என்ன? முப்பது வருஷத்துக்கு ஒருக்காத்தானே?”

“வந்தா ரெண்டு வருஷம் நிக்கும். சந்திரன் மாசம் பொருந்தினா அப்படித்தான். ஒங்கட பெருநாள் முடிய ரெண்டு மூணு நாள்ல எங்கட போயா. கருவாடு கொண்டு வாங்க, பச்சை மீன் வேணாம்.”

நான் கண்டுபிடித்த இரகசியம் என்று நெஞ்சை நிமிர்த்துவதற்குள் பூமணி அக்கா எனக்கு முன்னால் போய்விட்டார். எங்கள் கரையில் ஏழு வியாபாரிகள் அடுத்த வைகாசிக்குக் கருவாடு போட அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்களாம். சடங்குக் காலத்தில் வாயால் மட்டும் சொல்வதற்கு ஆளுக்கு ஒரு பெட்டி. நியாஸ் இப்போதே ஒரு அறையில் உப்பு மூட்டை அடுக்குகிறான். மேற்குக் கரைக்காரர்களும் சூடு பட்டவர்கள், பச்சை மீனோடு இன்னொரு தடவை வரமாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அடுத்த வருஷம் அம்பாறைக்குக் கருவாடு மலையாக வந்து குவியப் போகிறது. வெசாக் முடிந்த மறுநாள் பச்சை மீன் கொண்டு போக ஓர் ஆளும் இருக்காது. நல்ல ஐஸ், நல்ல கூலர் லொறி, முப்பது பெட்டி பச்சைக் கீரியோடு ஒரே ஒருவன் போய் நின்றால் போதும். அந்த ஒருவன் நான். இதை நான் நியாஸிடம் சொல்லவில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. மாமி தூங்கும்போதுகூட வாய்விட்டு யோசித்ததில்லை.

இந்த இடம் வரைக்கும் எழுதியிருக்கும்போது றிஸானா தேத்தண்ணியோடு வந்து, தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள்.

“இஞ்சருங்க, இந்தப் பேப்பர் எங்கெங்க போகுது?”

“மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, சம்மாந்துறை... அம்பாறை பஸ் ஸ்டாண்ட் கடையிலயும் தொங்குது. கடற்கரையில நம்மட வியாபாரிகள் எல்லாரும் வாசிக்கிற. கொழும்புக்கும் போற...” பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினேன்.

அவள் தேத்தண்ணியை வைத்தாள். “மேல ‘யோசித்துப் பாருங்கள்’ எண்டு தொடங்குற பந்திய வெட்டுங்க.”

“வெட்டினா ஆசிரியர் சொன்ன அளவு வராது. பக்கம் காலியாக் கிடக்கும்.”

“அப்ப மீன் நாறட்டும்,” என்று சொல்லிவிட்டு, உப்பு மூட்டை அடுக்கத் தம்பிக்கு உதவப் போனாள்.

பேனையை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் வெட்டாமலே அனுப்புகிறேன். வாசிக்கிறவர்களில் மீன் வியாபாரிகள் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்தப் பந்தியை மட்டும் நம்பாதீர்கள். அது வெறும் பகிடி.